பூவாக் கொடியின் பெயர் வரலாறு

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர் இல்லங்களில், கண்ணாடிக் குப்பியிலோ சிறு தொட்டியிலோ படர்ந்திருக்கும் 'மணி பிளாண்ட்' என்னும் கொடியைக் காணாதார் அரியர். பணச்செடி எனத் தமிழாக்கி வழங்குவாரும் உளர். இக்கொடி தழைத்தால் வீட்டில் பணம் பெருகும் என்பர். விலைக்கு வாங்கிய கொடியினும், பிறர் வீட்டில் கேளாமல் கிள்ளி வந்த கொடியே நன்கு வளரும் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. முன்னது எவ்வாறாயினும், பின்னதனுள் ஒரு வரலாற்றுச் செய்தி மறைந்து கிடக்கிறது. இக்கொடி விதையால் பரவியதன்று. பூவும் காயும் இன்றித் துண்டு துண்டாகக் கை மாறியே உலகெங்கும் சென்றது. அந்தப் பூவின்மையே அதன் பெயரிலும் எண்பது ஆண்டுக்காலக் குழப்பத்தை விளைத்தது.

துண்டிலிருந்து கொடி வளர்ப்பது தமிழர்க்குப் புதிதன்று. வெற்றிலையைப் பயிரிடுவோர் விதையைத் தேடுவதில்லை. முற்றிய கொடியைக் கணுவோடு நறுக்கி, அகத்தியின் அடியில் நடுவர். அத்தோட்டத்திற்குக் கொடிக்கால் என்றே பெயர். பணச்செடியை மலாய் வட்டாரத்து மொழிகளில் 'சிரே காடிங்' என வழங்குவதும் ஈண்டுக் கருதத்தக்கது. 'தந்த வெற்றிலை' என்பது அதன் பொருள். வெற்றிலை மிளகுக் குடும்பத்தது. பணச்செடியோ சேம்பின் குடும்பத்தது. உறவு இல்லையாயினும் இலைத் தோற்றமும் வளர்க்கும் முறையும் ஒத்திருத்தலின், அப்பெயர் பொருத்தமாகவே அமைந்தது.

இம்முறையின் உயிர்நிலை கணுவாகும். இலை தண்டோடு சேருமிடத்தில் பழுப்பு நிறத்தில் சிறு முனைப்பு ஒன்று தோன்றும். அது காற்றுவேரின் தொடக்கம். காட்டில் மரத்தைப் பற்றி ஏறுவது அதனாலேயே. அதன் அருகில், இலையின் கக்கத்தில், ஒரு மொட்டும் உறங்கிக் கிடக்கும். கணுவுக்குக் கீழே ஒரு விரற்கடை விட்டு நறுக்கி, நீரில் அமிழும் இலையை நீக்கி, கணு நீருள் இருக்குமாறு வைத்தால் சில வாரங்களில் அம்முனைப்பு வேராக நீளும். பின்னர் மொட்டு தளிர்க்கும். கணுவின்றி இலையைக் காம்போடு மட்டும் பறித்து வைப்பவர் பலர். அதற்கும் வேர் வரலாம். ஆயினும் மொட்டு இல்லாமையால் கொடி என்றும் வாராது. மாதக்கணக்கில் அவ்விலைக்கு நீர் மாற்றிக் காத்திருப்போரும் உளர்! இதன் சாறு தோலில் அரிப்பு உண்டாக்கும். குழந்தைகள் வாயிலிட்டால் நாவும் தொண்டையும் எரியும். ஆதலின் நறுக்கியபின் கை கழுவுதல் வேண்டும்.

இனி வரலாற்றைக் காண்போம். வெப்பநாட்டுச் செடிகளை ஐரோப்பியச் செல்வர் வீட்டினுள் வைத்து அழகு பார்க்கத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிதும் வளர்ந்தது. அதற்குத் துணை செய்தது இலண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு கண்ட கண்ணாடிப் பெட்டி. 1829 ஆம் ஆண்டில், மூடிய குப்பி ஒன்றனுள் பெரணி தானே முளைத்து வாழ்வதை அவர் கண்டார். 1833 ஆம் ஆண்டில் அத்தகைய பெட்டிகளில் செடிகள் ஆஸ்திரேலியா வரை உயிரோடு சென்றன. உப்புக் காற்றினின்றும் காத்த இப்பெட்டியே 1876 ஆம் ஆண்டில் ரப்பர் கன்றுகளை இலங்கைக்குக் கொண்டு சேர்த்தது. மறு ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. தோட்டத் தமிழர் வாழ்வு முழுவதையும் மாற்றிய அக்கதை தனியே விரிப்பதற்கு உரியது.

பணச்செடி 1880 ஆம் ஆண்டில் அறிவியல் உலகிற்கு அறிமுகமாயிற்று. பெல்ஜிய நாட்டுச் செடி வணிகர் லிண்டனும், அவருடைய தோட்டக்கலை இதழை நடத்திய ஆந்திரேயும் அதற்குப் 'பொத்தோஸ் ஔரியுஸ்' எனப் பெயரிட்டனர். 'ஔரியுஸ்' என்றால் பொன்னிறமானது. 'பொத்தோஸ்' என்பதோ இலங்கையில் வளரும் வேறொரு கொடியின் சிங்களப் பெயரிலிருந்து லின்னேயஸ் ஆக்கிய இனப்பெயர். இலங்கையை அவர் கண்டதில்லை. உலர்ந்த செடிகளையே கண்டார். புதிய கொடி சாலமன் தீவுகளிலிருந்து வந்ததாக நெடுங்காலம் நம்பப்பட்டது. தாகித்திக்கு அருகிலுள்ள மொரேயா என்னும் சிறு தீவே அதன் தாயகம் என்பது இக்கால ஆய்வாளர் முடிபு.

தாவர நூலார் இனம் பிரிப்பது பூவைக் கொண்டே. சேம்பின் குடும்பத்தில் இலையை நம்பி முடிவு செய்தல் இயலாது. பல இனங்களின் இலைகள் ஒன்றுபோலவே இருக்கும். பூவினுள் சூலகத்தில் சூல்கள் எத்தனை என எண்ணியே பிரித்தல் வேண்டும். ஒன்றே இருப்பின் சிந்தாப்சஸ். சில இருப்பின் எபிப்ரெம்னம். மிகப் பல இருப்பின் ராபிடோபோரா. பணச்செடியோ பூப்பதில்லை. எண்ணுதற்கு ஒன்றும் இல்லாத நிலையில் 1908 ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் எங்ளர் அதனைச் சிந்தாப்சஸ் இனத்தில் சேர்த்தார். 1960களின் தொடக்கத்தில் அரிதாகப் பூ ஆய்வுக்குக் கிட்டியதும் அப்பெயர் வீழ்ந்தது. பேர்ட்சி என்பார் அதனை ராபிடோபோரா ஆக்கினார். 1964 ஆம் ஆண்டளவில் பன்டிங் என்பார் எபிப்ரெம்னம் இனத்தில் வைத்தார். மரத்தண்டின் மேல் வாழ்வது என்னும் பொருளுடைய அவ்வினப்பெயரே இன்று நிலைபெற்றுள்ளது. செடிக் கடைகளிலோ இன்றும் 'பொத்தோஸ்' என்றே விற்கின்றனர். கைவிட்ட பெயரைக் கடைக்காரர் போற்றுவது இது ஒன்றில் மட்டும் அன்று.

ஏன் பூப்பதில்லை என்னும் வினாவிற்கு 2016 ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. பூத்தலைத் தூண்டும் ஜிப்பரெல்லின் என்னும் வளர்ச்சிப் பொருளை இக்கொடி போதிய அளவு ஆக்குவதில்லை. அதனை ஆக்கும் மரபணு ஒன்று செயற்படவில்லை. அப்பொருளைத் தெளித்தபோது கொடி பூத்தது. 1964க்குப் பின் வளர்ப்பிடங்களில் தானாகப் பூத்ததாகப் பதிவு இல்லை என்றும் அவ்வாய்வாளர் குறித்தனர்.

விதையின்றிப் பரவியமையால், அம்பாங் வீட்டுக் குப்பியிலும் அமெரிக்க அலுவலக மேசையிலும் வளர்பவை பெரும்பாலும் ஒரே உடலின் துண்டுகள். எனினும் வீட்டில் காணும் உள்ளங்கை அளவு இலை இதன் இளமை வடிவமே. மரத்தில் ஏறினால் இலை ஒரு முழத்திற்கும் மேல் அகன்று, விளிம்பு கிழிந்து, வேறு செடிபோல் தோன்றும். கண்டியில் உள்ள உடவத்தகலைக் காட்டில் இக்கொடி இருபது ஹெக்டேர் அளவு நிலத்தை மூடி, மரங்களின் மேலும் ஏறிப் பிற செடிகளை வளரவொட்டாமல் செய்துள்ளது. அங்கும் விதை விழுந்து முளைத்ததில்லை. கணுவோடு கிடந்த துண்டுகளே வேரூன்றின.