கத்தியைச் சிறிதாக்கிய அளவுகோல்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியின் அருகே நின்று பார்த்திருக்கிறீர்களா? நம் கண் நெசவாளியின் கைகளிலும் பட்டின் நிறத்திலுமே நிற்கும். குழிக்குள் மிதிகட்டையை மாறி மாறி அழுத்தும் அவருடைய பாதங்களை யாரும் பார்ப்பதில்லை. அந்த உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி தோன்றினால் என்ன நினைப்போம்? சாயம் ஒட்டியிருக்கும், முள் குத்தியிருக்கும், இரத்தம் கட்டியிருக்கும் என்று விட்டுவிடுவோம். பெரும்பாலும் அந்த எண்ணம் சரியாகவே இருக்கும். ஆனால் அரிதாக, அது மெலனோமா என்னும் கரும்புற்றின் தொடக்கமாக இருக்கக்கூடும். தொழிலுக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. எவர் பாதத்திலும் வரலாம்.

இந்நோயைத் தொடக்கத்தில் கண்டு அகற்றினால் ஏறக்குறைய எல்லோருமே பிழைக்கிறார்கள். பிந்தினால் உயிருக்கே ஆபத்து. ‘தொடக்கம்’ என்பதற்கு ஓர் அளவு உண்டா? உண்டு. அதைக் கண்டுபிடித்த வரலாற்றையே இங்கே பார்க்கப் போகிறோம்.

பெயர் வந்த விதம்

நம் தோலின் மேலடுக்கினுடைய அடிவரிசையில், மெலனின் என்னும் கருநிறமியை உண்டாக்கும் உயிரணுக்கள் உள்ளன. இவை கட்டுப்பாடின்றிப் பெருகுவதே மெலனோமா.

1787-ஆம் ஆண்டு லண்டனில் ஜான் ஹண்டர் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், 35 வயதான ஒருவரின் தாடையருகே மீண்டும் வளர்ந்திருந்த கட்டியை அகற்றினார். அது என்ன நோய் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் கட்டியைப் பாதுகாத்து வைத்தார். 1941-ல் நடந்த குண்டுவீச்சில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தின் பெரும்பகுதி அழிந்தபோதும் அந்தக் கட்டி தப்பியது. 1968-ல் அதை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள், அது மெலனோமாவே என்று உறுதி செய்தனர்.

நோயைத் தனியாக இனங்கண்டு பெயரிட்டவர் பிரான்சின் லென்னக். பின்னாளில் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர் இவரே. 1804-ல், இன்னும் மாணவராக இருந்தபோது, கருமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘மெலனோஸ்’ என்ற பெயரை உருவாக்கினார். 1820-ல் இங்கிலாந்தின் வில்லியம் நாரிஸ் தாம் கண்ட ஒரு நோயாளியைப் பற்றி விரிவாக எழுதி, இது சில குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடும் என்று கருதினார். 1840-ல் சாமுவேல் கூப்பர் தம் அறுவை மருத்துவ நூலில், விரைவில் அகற்றுவது ஒன்றே நோயாளிக்குள்ள வழி என்று எழுதினார். சரியான முடிவுதான். ஆனால் எவ்வளவு விரைவில், எவ்வளவு அகலத்தில் என்பதற்கு அன்று விடையில்லை.

பெரிதாகிய கத்தி

1907-ல் லண்டன் மருத்துவர் சாம்சன் ஹேண்ட்லி இதற்கு ஒரு விடை கூறினார். கட்டியிலிருந்து ஓர் அங்குலம் தள்ளித் தோலைக் கீற வேண்டும். அங்கிருந்து இன்னும் இரண்டங்குலம் சுற்றளவில் தோலுக்கு அடியிலுள்ள திசுக்களையும் எடுக்க வேண்டும் என்றார். வியப்பு என்னவென்றால், இந்த விதிக்கு அடிப்படை, இந்நோயால் இறந்த ஒரே ஒரு பெண்ணின் உடலில் அவர் செய்த ஆய்வு!

அறிவியல் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரே ஓர் அளவீட்டை வைத்து ஒரு விதியை எழுதலாமா? ஆயினும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, சிறிய கட்டியானாலும் பெரிய கட்டியானாலும் சுற்றிலும் 5 செ.மீ. வரை வெட்டி எடுப்பது வழக்கமாயிற்று. காலில் வந்தால், வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது. பலருக்கு நோயைவிட அறுவையே அச்சத்தைத் தந்தது.

நுண்ணோக்கிக்குள் ஓர் அளவுகோல்

1970-ஆம் ஆண்டு அமெரிக்க நோயியல் அறிஞர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ ஒரு எளிய செயலைச் செய்தார். நுண்ணோக்கியின் கண்ணருகு வில்லையில் கோடுகளிட்ட அளவுகோலைப் பொருத்தி, கட்டி தோலின் மேலிருந்து எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது என்று அளந்தார். 98 நோயாளிகளின் கட்டிகளை இவ்வாறு அளந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. 0.76 மி.மீ.க்கும் குறைந்த தடிமனுள்ள கட்டிகளை அகற்றிக்கொண்டவர்களில் எவருக்கும் நோய் திரும்பவில்லை.

காரணம் எளிதில் விளங்கும். தோலின் மேலடுக்கில் இரத்தக் குழாய்கள் இல்லை. கட்டி அங்கேயே நிற்கும்வரை உடலின் பிற பகுதிகளுக்குப் போக அதற்கு வழி கிடையாது. கீழே இறங்க இறங்க, இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் அதன் கைக்கு எட்டுகின்றன.

2018 முதல் நடைமுறையிலுள்ள நோய்நிலை வகைப்பாட்டில் இந்தத் தொடக்க எல்லை 0.8 மி.மீ. இது எவ்வளவு? பட்டுப்புழு நூற்கும் ஓர் இழையின் தடிமன் ஏறத்தாழ 0.02 மி.மீ. நாற்பது இழைகளை ஒட்டி ஒட்டி அடுக்கினால் 0.8 மி.மீ. ஆகும். ஓர் உயிரின் கதி இந்த நாற்பது இழைக்குள் இருக்கிறது!

அளவு வந்ததும் கத்தி சிறிதாயிற்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் மெலனோமா குழுவைச் சேர்ந்த வெரோனேசியும் அவருடைய தோழர்களும், 2 மி.மீ.க்கு மேற்படாத கட்டிகளுடைய 612 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 1 செ.மீ.யும் மற்றவர்களுக்கு 3 செ.மீ.யும் விட்டு அறுவை செய்தனர். இரு பிரிவினரும் உயிர்பிழைத்த அளவில் வேறுபாடில்லை என்று 1988-ல் தெரியவந்தது. இன்று 1 மி.மீ. வரையுள்ள கட்டிக்குச் சுற்றிலும் 1 செ.மீ., 2 மி.மீ.க்கு மேற்பட்டதற்கு 2 செ.மீ. போதும் என்பது பொதுவான நடைமுறை.

1992-ல் டொனால்டு மார்ட்டன் ஒரு சாயத்தின் உதவியை நாடினார். கட்டியிருந்த இடத்தில் நீலச் சாயத்தை ஊசியால் செலுத்தினால், அது நிணநீரின் வழியே சென்று முதலில் எந்த நிணநீர்க்கணுவை நீலமாக்குகிறதோ, நோய் பரவினால் அங்கேதான் முதலில் போகும். அதை மட்டும் எடுத்துச் சோதித்தால் போதும். அதில் நோய் காணப்பட்டாலும், மற்றக் கணுக்கள் அனைத்தையும் உடனே அகற்றுவதால் ஆயுள் கூடுவதில்லை என்று 2017-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது.

நாம் எங்கே பார்க்க வேண்டும்?

வெள்ளைத் தோலினருக்கு இந்நோய் பெரும்பாலும் வெயிலால் வருகிறது. நம் நாட்டில் இது மிகவும் குறைவு. நம் தோலிலுள்ள மெலனின் நமக்கு ஒரு குடை. ஆனால் அந்தக் குடைக்கு வெளியே நிற்கும் ஒரு வகை உண்டு. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் வரும் இவ்வகையை 1976-ல் ரிச்சர்டு ரீட் தனியாக வகைப்படுத்தினார். வெயில் இதற்கு முக்கியக் காரணமன்று. நம்மிடையே வரும் மெலனோமாவில் இவ்வகைக்குப் பெரும் பங்குண்டு.

நகத்தின் கருமை அதைச் சுற்றியுள்ள தோலுக்கும் பரவினால் எச்சரிக்கை கொள்ள வேண்டும் என்று 1886-லேயே ஹட்சின்சன் எழுதினார். இசைக்கலைஞர் பாப் மார்லியின் கால் பெருவிரலில் 1977-ல் கண்டறியப்பட்டது இந்நோயே. விரலை அகற்ற அவர் இசையவில்லை. 1981-ல் தம் 36-ஆம் வயதில் காலமானார்.

ஐந்து கேள்விகளை நினைவில் வையுங்கள். புள்ளியின் ஒரு பாதி மறு பாதியைப் போல் இல்லையா? ஓரம் ஒழுங்கற்றிருக்கிறதா? நிறம் இடத்துக்கு இடம் மாறுகிறதா? 6 மி.மீ.க்கு மேல் அகலமா? நாளுக்கு நாள் மாறி வருகிறதா? கடைசிக் கேள்வியே முதன்மையானது. ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி அகன்றுகொண்டே வரும் கருங்கோடும், ஆறாத பாதப் புண்ணும் இதில் சேரும். மாறாமலிருக்கும் பழைய மச்சத்துக்கு அஞ்ச வேண்டாம்.

ஐயம் எழுந்தால் பிளேடால் சுரண்டாதீர்கள்; சுண்ணாம்பும் சோடாவும் வைத்துச் சுடாதீர்கள். அளக்க வேண்டிய திசு அழிந்துபோகும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, புள்ளியை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்ற அச்சம் வேண்டாம். முடிவு வந்ததும் நோயாளி கேட்க வேண்டிய முதற் கேள்வி, “தடிமன் எத்தனை மில்லிமீட்டர்?” என்பதே. மெல்லியதாக இருந்தால், மேலும் ஒரு சிறிய அறுவையும், பின்னர் குறித்த காலங்களில் வந்து காட்டிக்கொள்வதுமே பெரும்பாலும் போதும். பரவிய நோய்க்கு 2011 முதல் புதிய மருந்துகள் வந்து பலரைக் காத்துள்ளன. என்றாலும் அவற்றுக்கு அவசியமே நேராமலிருப்பது மேலல்லவா?

காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணாவைப் புற்றுநோய்க்கு 1969-ல் இழந்தோம். அவர் பெயரால் அரசு புற்றுநோய் மருத்துவமனை ஒன்று காரப்பேட்டையில், பிள்ளையார்பாளையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கே போக வேண்டிய நேரம் எது என்பதை அறிவதுதான் நம் பொறுப்பு.

இன்றிரவு உங்கள் தந்தையோ தாயோ கால் கழுவி வந்து அமரும்போது, விளக்கொளியில் அவர்களுடைய உள்ளங்கால்களை ஒருமுறை பாருங்கள். அவர்களால் தாமே எளிதில் பார்த்துக்கொள்ள முடியாத இடம் அது.