ஸ்கேன் அறையில் இருப்பவர் யார்? உரிமப் பத்திரம் ஒன்றின் கதை

வெள்ளவத்தையில் காலி வீதியின் இருமருங்கிலும், புடவைக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் இடையே, 'ஸ்கேன்' என்ற சொல் மும்மொழிகளிலும் எழுதப்பட்ட பலகைகள் தொங்குகின்றன. கொட்டாஞ்சேனையிலும் அப்படியே. நமது பாடநூல்கள் 'கழியொலி' என்கின்றன. தமிழகத்தார் 'மீயொலி' என்பர். ஆனால் கர்ப்பிணிப் பெண்ணுக்கும் அவளை அழைத்துச் செல்லும் மாமியாருக்கும் அது 'ஸ்கேன்' மட்டுமே. அந்த அறையில் கருவியைக் கையில் பிடிப்பவர் யார், அவர் எங்கே படித்தார், எந்தச் சபை அவரைப் பதிந்துள்ளது என்று கேட்பவர் அநேகமாக இல்லை. இந்த வினாவுக்கு நமது நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. அது கருவி வருவதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே தொடங்கிவிட்டது.

தொடங்கிய இடம் கொழும்பு அன்று, மானிப்பாய். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியம் கற்பிக்க ஆரம்பித்தார். முதலில் ஆங்கிலத்தில். தாயகம் சென்று 1862இல் திரும்பிய பின்னர், தமிழிலேயே கற்பிப்பது என்று தீர்மானித்தார். உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் ஆகியன பற்றிய நூல்களைத் தமிழாக்கிப் பதிப்பித்தார். அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் கற்று வெளியேறினர். அவர்கள் கையில் இருந்தது ஆசிரியரின் நற்சாட்சி மட்டுமே. அரசாங்கப் பதிவேடு என்ற ஒன்று அன்று இருக்கவில்லை. ஆனால் ஊர் நம்பியது. ஏனெனில் ஆசிரியரை ஊர் அறிந்திருந்தது.

கொழும்பு வைத்தியப் பாடசாலை 1870இல் திறக்கப்பட்டது. ஜேம்ஸ் லூஸ் அதன் முதல் அதிபர். முதல் அணியில் 25 மாணவர். இரண்டாவது அதிபர் எட்வின் லோசன் கொக். கின்சி வீதியில் இன்றும் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் அவர் நினைவாக 1881இல் எழுப்பப்பட்டது. (அதன் அடியில் நின்று நேரம் பார்ப்பவர்களுள் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்பது வேறு விடயம்.) 1880இல் பாடசாலை கல்லூரியாயிற்று. அங்கு படித்துத் தேறியவர் முழு வைத்தியர். அவருக்குக் கீழே 'அப்போதிக்கரி' என்றொரு வகுப்பாரும் இருந்தனர். கிராமத்து மருந்தகங்களில் மக்கள் முதலில் கண்டது பெரும்பாலும் இவர்களைத்தான். இவர்களே பின்னாளில் உதவி வைத்தியர் எனப் பெயர் மாறியவர்கள். எந்த அளவு படித்தவர் எந்த அளவு வைத்தியம் செய்யலாம் என்ற எல்லைத் தகராறு அன்றே தொடங்கிவிட்டது. இன்றும் தீர்ந்தபாடில்லை.

1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க வைத்தியக் கட்டளைச் சட்டம் இக்கதையில் முக்கியமான திருப்பம். வைத்தியர் மாத்திரமன்றிப் பல் வைத்தியர், மருத்துவமாதர், மருந்தாளர், தாதியர் ஆகியோரையும் பதிவு செய்ய அச்சட்டம் வழிவகுத்தது. மருத்துவமாதைச் சட்டம் எழுத்தில் ஏற்றுக்கொண்டதை நான் பெரிதாக மதிக்கிறேன். டி சொய்சா பிரசவ விடுதி கொழும்பில் திறக்கப்பட்டது 1879இல். ஆயினும் பிரசவங்களில் பெரும்பங்கு நீண்ட காலம் வீடுகளிலேயே, ஊர் மருத்துவிச்சியின் கையில் நடந்தது. அந்தக் கைக்குப் பயிற்சியும் பதிவும் வேண்டும் என்று அரசு ஏற்றுக்கொண்டதும், அப்பெண்களை வீடுவீடாக அனுப்பியதும் தாய்மார் மரணம் இந்நாட்டில் குறைந்ததற்கான காரணங்களுள் முதன்மையானவை. உரிமம் என்பது வெறும் காகிதம் என்று சொல்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

பின்னாளில் இதே சட்டத்தின் கீழ், மருத்துவத்துக்குத் துணையான தொழில்கள் என்ற பிரிவில், கதிர்ப்படப்பிடிப்பாளர், இயன்மருத்துவர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் முதலியோரும் இலங்கை மருத்துவச் சபையின் பதிவேட்டுக்குள் வந்தனர். கொழும்பில் சுகாதார அமைச்சின் கதிர்ப்படப் பயிற்சிக் கல்லூரி டிப்ளோமா வழங்கிவந்தது. பேராதனைப் பல்கலைக்கழகம் இணை சுகாதார விஞ்ஞான பீடத்தின் மூலம் பட்டப் படிப்பை ஏற்படுத்தியது. டிப்ளோமாக்காரர் ஒருபுறம், பட்டதாரிகள் மறுபுறம். நியமனத்தில் யாருக்கு எவ்வளவு பயிற்சி என்ற பிணக்கு வேலைநிறுத்தம் வரை சென்றதுண்டு. அந்நாட்களில் வெளிநோயாளர் பிரிவு வாசலில் காத்திருந்தவர்களுக்கு இவ்விரு வழிகளின் வேறுபாடு விளங்கியிராது.

எனினும் இந்தப் பதிவேட்டில் ஸ்கேன் எடுப்பவருக்கென, அதாவது 'சொனோகிராபர்' என்ற பெயரில், தனிப் பிரிவு கிடையாது. ஏன்? இதற்கு விடை காண எக்ஸ்-கதிரிலிருந்து தொடங்க வேண்டும். ரொன்ட்ஜன் 1895இல் கண்டறிந்த அக்கதிர் உடலைத் தீய்க்கும் என்பது விரைவிலேயே தெரிந்தது. ஆகவே உலகெங்கும் கருவிக்கும் அதை இயக்குபவருக்கும் கட்டுப்பாடு வந்தது. இலங்கையிலும் அயனாக்கும் கதிர்வீச்சை முன்னர் 1969ஆம் ஆண்டின் அணுசக்தி அதிகாரசபைச் சட்டம் கட்டுப்படுத்தியது; பின்னர் வந்த 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் இன்று கட்டுப்படுத்துகிறது. ஸ்கேன் கருவியில் இருப்பதோ ஒலி. அதற்கு அயனாக்கும் தன்மை இல்லை. ஆதலால் கதிர்வீச்சுச் சட்டத்தின் கண்ணில் அது படவேயில்லை. தீங்கு செய்யாத கருவி என்ற நற்பெயரே அதைக் கவனத்திலிருந்து தப்பவைத்தது.

தீங்கு வேறு வழியாக வரும். ஒலி உடலின் மென்திசுக்களில் செக்கனுக்கு ஏறத்தாழ 1540 மீற்றர் வேகத்தில் சென்று, எதிரொலியாகத் திரும்பி, திரையில் படமாகிறது. எந்தக் கோணத்தில், எந்தத் தளத்தில் வெட்டிப் பார்க்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பிடித்திருக்கும் கைதான். சி.டி. படத்தை மறுநாள் இன்னொரு நிபுணர் முழுமையாக மறுபடி வாசிக்கலாம். ஸ்கேனில் அந்தக் கை காட்டாமல் விட்டதை எவரும் பிறகு பார்க்க முடியாது. தவறான தளத்தில் எடுத்த படமும் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் சரியாக அளந்தால் குழந்தையின் வயதை ஒரு வாரத்துக்குள் சொல்லிவிடலாம். கடைசி மூன்று மாதங்களில் அளந்தால் பிழை மூன்று வாரம் வரை போகும். அந்த மூன்று வாரத்தை நம்பிச் சத்திரசிகிச்சைக்குத் திகதி குறித்தால் என்னாகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இத்துறையின் பிறப்புக் கதையே கையின் பெருமையைச் சொல்வது. கிளாஸ்கோ நகரத்து மகப்பேற்றுப் பேராசிரியர் இயன் டொனால்ட், உலோகத்தில் வெடிப்புத் தேடும் தொழிற்சாலைக் கருவியைக் கொண்டு 1955இல் சோதனை செய்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மாட்டிறைச்சித் துண்டு ஒன்றும் வைத்திருந்தாராம். வைத்தியர் ஜோன் மக்விக்கர், இளம் பொறியியலாளர் டொம் பிரவுண் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1958 ஜூனில் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. தீராத புற்றுநோய் எனக் கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருந்தது சூலகக் கட்டி என்று காட்டி, அவர் உயிர் பிழைக்கக் காரணமானது அந்தக் கருவி. ஒரு வைத்தியரும் ஒரு பொறியியலாளரும் சேர்ந்து உண்டாக்கிய வித்தையாதலால், அதைத் தொழிலாக ஏற்கப்போகிறவர் யார் என்பது ஆரம்பத்திலிருந்தே தெளிவில்லாமல் போயிற்று.

அமெரிக்காவில் தொழில் செய்தவர்களே முன்வந்தனர். 1970இல் சங்கம் அமைத்தனர்; 1975இல் பரீட்சை நடத்திப் பதிவு வழங்கும் அமைப்பு உருவாயிற்று. அரசுச் சட்டம் அங்கு மிகப் பிந்தி, சில மாநிலங்களில் மட்டுமே வந்தது. பிரித்தானியாவில் கல்விநெறிகளை மதிப்பிட 1993இல் கூட்டமைப்பு ஒன்று அமைந்தது. ஆனால் 'சொனோகிராபர்' என்ற பெயருக்குச் சட்டக் காப்பு கிடைக்கவில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2019 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து இவர்களைச் சட்டபூர்வமான கல்லூரி ஒன்றின் பதிவுக்குள் கொண்டுவந்தது. கல்லூரி என்றால் இங்கே பாடசாலை அன்று, தொழிலை ஒழுங்குபடுத்தும் சபை. கொழும்பில் கதிர்ப்படப்பிடிப்பாளராக இருந்து தொண்ணூறுகளில் ரொறன்ரோ சென்ற எனது நண்பர் ஒருவர், அங்கே மீண்டும் மாணவராகி, பரீட்சை எழுதி, ஸ்கேன் எடுக்கும் தகுதி பெற்றார். "இருபது வருட அனுபவத்தை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன்" என்று முதலில் கசந்து பேசியவர், பின்னர் ஒரு முறை சொன்னார்: "அண்ணை, இங்கே நான் பிழைவிட்டால் ஆருக்கு முறைப்பாடு எழுத வேணும் எண்டு நோயாளிக்குத் தெரியும்."

இந்தியாவின் வழி வேறு. பெண் சிசுவைக் கருவிலேயே அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஒவ்வொரு கருவியையும் ஒவ்வொரு நிலையத்தையும் பதிவுசெய்யச் சொல்கிறது. எம்.பி.பி.எஸ். வைத்தியருக்கு ஆறு மாதப் பயிற்சி என்ற விதி 2014இல் வந்தது. டில்லி உயர்நீதிமன்றம் 2016இல் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் 2018இல் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. அச்சட்டத்தின் நோக்கம் உயர்ந்தது. ஆனால் அது பார்ப்பவரின் எண்ணத்தைச் சந்தேகிக்கிறது. பார்க்கத் தெரியுமா என்ற கேள்வி பக்கவாட்டில்தான் நுழைந்தது.

இலங்கையில் இந்த வேலையை வைத்தியர்களே தம்மிடம் வைத்துக்கொண்டனர். கதிரியக்க நிபுணர், மகப்பேற்று நிபுணர், பயிற்சி பெற்ற பொது வைத்தியர் எனப் பலர் செய்கின்றனர். வைத்தியர் என்ற முறையில் அவர்களுக்குப் பதிவு உண்டு. ஸ்கேனுக்கென்று தனித் தகுதி உண்டா என்பதை அந்தப் பதிவு சொல்லாது. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் நிறுவனத்தைப் பதிவு செய்கிறது. அதாவது கட்டிடத்துக்குப் பத்திரம் உண்டு.

சில வருடங்களுக்கு முன்னர் கொட்டாஞ்சேனையில் உறவுக்காரப் பெண்ணொருத்திக்குத் துணையாக ஒரு நிலையத்துக்குச் சென்றிருந்தேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. கையில் கிடைத்த ஆங்கில அறிக்கையின் அடியில் வாசிக்க இயலாத ஒரு கையொப்பம். பெயர் இல்லை, தகுதி இல்லை, பதிவிலக்கம் இல்லை. கருமபீடத்தில் விசாரித்தபோது "டொக்டர் போய்விட்டார்" என்றனர். எந்த டொக்டர் என்று கேட்டதற்கு, அங்கிருந்த பெண்பிள்ளை சிரித்தாள். குழந்தைக்கு ஏதோ குறை இருக்கலாம் என்ற ஒரு வரி அந்த அறிக்கையில் இருந்தது. தாயின் உயிரைக் காக்கும் நோக்கத்துக்கன்றிக் கருக்கலைப்பைக் குற்றமாக்கும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை நடைமுறையிலுள்ள நாட்டில், அந்த ஒரு வரியோடு ஒரு பெண் எத்தனை இரவு உறங்காதிருப்பாள்! அரச வைத்தியசாலையில் நிபுணர் ஒருவர் நிதானமாக அரை மணி நேரம் பார்த்து, குறை எதுவும் இல்லை என்றார். இடையில் போன பதினொரு நாட்களுக்குக் கணக்கு இல்லை.

வைத்தியர் மட்டுமே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்போரின் வாதத்தில் நியாயம் உண்டு: பார்ப்பவரே நோயையும் அறிந்தவராக இருப்பார். ஆனால் வவுனியாவிலோ நுவரெலியாத் தோட்டப் பகுதியிலோ நிபுணரின் வரவுக்காக வாரக்கணக்கில் காத்திருக்கும் பெண்ணுக்கு அவ்வாதம் உதவாது. கதிர்ப்படப்பிடிப்பாளருக்கு முறையான மேற்படிப்பும் பரீட்சையும் வைத்து, மருத்துவச் சபையின் பதிவேட்டில் புதிய பிரிவொன்று திறப்பது இயலாத காரியமன்று. மருத்துவமாதருக்கு 1927இல் செய்ததுதான். அதுவரை, அறிக்கையில் கையொப்பத்துக்குக் கீழே பெயரும் பதிவிலக்கமும் எழுதப்பட வேண்டும் என்று நாமே கேட்கலாம். வைத்தியர்களின் பதிவை மருத்துவச் சபையிடம் எவரும் சரிபார்க்கலாம். அதற்குக் கட்டணமும் இல்லை.