கருவிலே எழுதப்படும் வினை



கோல சிலாங்கூர் வட்டாரத்தில் செம்பனைக் குலையைக் காணாத கண் இராது. அந்தச் செம்பனையை வாட்டிய ஒரு நோயின் மூலத்தைத் தேடியபோது, கருப்பருவத்தில் மரபணுக்கள் எவ்வாறு ஆளப்படுகின்றன என்னும் பெரிய உண்மை ஒன்று வெளிப்பட்டது. அந்த வரலாற்றை இன்று காண்போம்.

ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட செம்பனை, 1848-இல் ஜாவாவின் போகோர் பூங்காவில் நான்கு கன்றுகளாக நடப்பட்டது. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்திராவில் பரவின. அங்கிருந்து விதை தருவித்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபொக்கோனியே, நம் வட்டாரத்து ரந்தாவ் பாஞ்சாங்கில் அவற்றை அழகு மரங்களாக வளர்த்தார். 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை வாணிப நோக்கில் நடப்பட்டது. தென்னையின் பெயர் தாங்கிய தோட்டத்திலேதான் மலாயாவின் செம்பனைத் தொழில் பிறந்தது.

வாழைக்குப் பக்கக்கன்று உண்டு. ரப்பர் மரத்தை ஒட்டுக்கட்டிப் பெருக்கலாம். செம்பனைக்கோ ஒரே குருத்து. விதையால்தான் பெருக்க முடியும். விதைக்கன்றுகள் எல்லாம் தாய்மரத்தைப் போலவே காய்ப்பதில்லை. ஆகவே 1970-களில் அறிவியலார் திசு வளர்ப்பை நாடினர். சிறந்த மரத்தின் இலைத்திசுவை ஊட்டக் கரைசலில் வளர்த்து, அதிலிருந்து கருக்களைத் தோற்றுவித்து, ஒரே அச்சான கன்றுகளை உண்டாக்கினர்.

கன்றுகள் செழித்து வளர்ந்தன. பூக்கும் பருவத்திலேதான் கேடு தெரிந்தது. சில மரங்களின் பூவில் ஆணுறுப்பாக அமைய வேண்டிய பகுதிகள் பெண்ணுறுப்பைப் போல மாறி, காயைப் போர்வைபோல் சூழ்ந்தன. கேடு முற்றிய மரங்களில் குலை முதிராமலே அழிந்தது, எண்ணெய் இல்லை. 1986-இல் இக்கேடு ஆய்விதழில் வெளியாயிற்று. ஆண்டுக்கணக்கில் உரமிட்டு வளர்த்த பிறகே எது மலட்டு மரம் என்று தெரியுமானால், எவர் துணிந்து நடுவார்? பெரிய அளவில் நடத் தோட்டத்தார் தயங்கினர்.

தாய்மரத்தின் மரபணுவே கன்றிலும் இருக்க, இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

ஒவ்வோர் உயிரணுவிலும் எல்லா மரபணுக்களும் உள்ளன. ஆனால் எல்லாம் ஒருசேர இயங்குவதில்லை. மரபணுவின் முகப்பில் ‘புரமோட்டர்’ என்னும் தொடக்கப் பகுதி உண்டு. உரிய புரதங்கள் அங்கே வந்து பொருந்தினால் மரபணு இயங்கும். ‘மெதில்’ என்னும் சிறு வேதிக்குறிகள் அங்கே அடர்ந்தால் அது பெரும்பாலும் அடங்கிவிடும். ‘க’ என்னும் எழுத்தின்மேல் புள்ளி வைத்தால் அகர ஒலி அடங்கிவிடுவதைப் போல என்று கொள்ளலாம். எழுத்து மாறவில்லை, குறிதான் மாறியது. மனிதர் உள்ளிட்ட பாலூட்டிகளில், கருவுற்ற சில நாள்களுக்குள் பழைய குறிகளில் பெரும்பகுதி அழிந்து, பின்னர் புதியன எழுதப்படுகின்றன. தோல், எலும்பு, நரம்பு என்று உயிரணுக்கள் பிரிவதற்கு இக்குறிகளும் துணைபுரிகின்றன.

செம்பனையில் நேர்ந்தது இதற்கு நெருங்கிய உறவுடையது. சிலாங்கூரின் பாங்கியில் உள்ள மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் மெய்லினா ஓங்-அப்துல்லா, ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி முதலியோர், அமெரிக்க அறிவியலாருடன் சேர்ந்து 2015-இல் ‘நேச்சர்’ இதழில் விடையை வெளியிட்டனர். பூவுறுப்பை வகுக்கும் ஒரு மரபணுவின் நடுவே, பண்டைக் காலத்தில் வந்து புகுந்த ‘கர்மா’ என்னும் துணுக்கு ஒன்று கிடக்கிறது. அதன்மேல் மெதில் குறிகள் அடர்ந்திருந்தால் காய் செம்மையாக அமையும். திசு வளர்ப்பின்போது அவை அழிந்துபோனால், மரபணுவின் செய்தி பாதியில் அறுபட்டு, பூவின் அமைப்புக் கெடுகிறது. முகப்பில் அன்றி உள்ளிடத்தில் குறி அழிந்தாலும் மரபணு கெடும் என்பதையும் இது காட்டிற்று. குறி நிறைந்த நிலையை ‘நற்கர்மா’ என்றும், குறி இழந்த நிலையைத் ‘தீக்கர்மா’ என்றும் ஆய்வாளர்கள் வழங்கினர்.

இதனால் விளைந்த பயன் பெரிது. இளங்கன்றின் இலையில் சிறு துண்டு எடுத்துச் சோதித்தாலே, அது பின்னாளில் எவ்வாறு காய்க்கும் என்று முன்னறியலாம். பூக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; கெட்ட கன்றை நாற்றுமேடையிலேயே விலக்கிவிடலாம். 1986-இல் எழுந்த கேள்விக்கு விடை காண 29 ஆண்டுகள் ஆயின. நம் பிள்ளைகள் நாள்தோறும் கடந்து செல்லும் மரத்துக்குள்ளேயே இத்துணை அறிவியல் இருக்கிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோமாக.