தொறு போன தடம்

இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் தமிழ் வாசகருக்கு அறிமுகமான துப்பறிவாளர் நாவலுக்குள்ளிருந்து வந்தவர். ஜே. ஆர். ரங்கராஜுவின் கோவிந்தனும் ஆரணி குப்புசாமி முதலியாரின் ஆனந்த சிங்கும் மாறுவேடம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வீடு வாசிக்கப்பட்ட அதே காலத்தில்தான், 1906இல், சென்னை மாகாணக் காவல்துறையில் குற்றப் புலனாய்வுத் துறையும் தனியாக அமைந்தது. கதையும் இலாகாவும் ஒரே நேரத்தில் வந்ததால் இரண்டையுமே இறக்குமதிச் சரக்காகப் பார்க்கும் வழக்கம் ஏற்பட்டுவிட்டது. 1842இல் லண்டன் காவல்துறை துப்பறியும் பிரிவைத் தொடங்கியது, வெள்ளைக்காரர்கள் அதை இங்கே கொண்டுவந்தார்கள், நாம் கற்றுக்கொண்டோம் என்பது அந்த வரலாறு. இலாகாவைப் பொறுத்தவரை இது சரி. களவு போனதைத் தேடிப் போவதைக் கடமையாகவும் பிழைப்பாகவும் கொண்ட ஆட்கள் இந்த மண்ணில் அதற்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய பெயர், யாரிடம் சேவகம் செய்தார்கள், எந்தத் தேடலில் செத்தார்கள் என்பதெல்லாம் கல்லில் இருக்கின்றன. அந்தக் கற்கள் மிகுதியாகக் கிடைத்த இடம் சவ்வாது மலைக்குத் தென்மேற்கே, செய்யாற்றங்கரையில் இருக்கும் செங்கம்.

செங்கத்தின் பழம்பெயர் செங்கண்மா. சங்ககாலக் குறுநில மன்னன் நன்னனின் தலைநகர். கூத்தராற்றுப்படை என்றும் பெயர்பெற்ற மலைபடுகடாம், அவனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும்போது, பாதை நெடுக நடுகற்கள் நிற்கும் என்று அடையாளம் காட்டுகிறது. சங்கப் பாட்டில் வழிகாட்டியாக நின்ற வழக்கம் பல்லவர் காலத்தில் எழுத்தோடு சேர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் இரா. நாகசாமியின் பொறுப்பில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இந்த வட்டாரத்தை ஊர் ஊராகச் சலித்து, ‘செங்கம் நடுகற்கள்’ என்று தொகுப்பே வெளியிட்டது. பெரும்பாலானவை வட்டெழுத்து. வாசகங்களும் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவை. இன்ன மன்னனின் இத்தனையாம் ஆட்சியாண்டு, அவன் கீழ் இன்ன தலைவன், அவனுடைய சேவகனோ இளமகனோ ஆன இன்னான், இன்ன ஊரில் தொறுக் கொண்டபோது, அல்லது தொறு மீட்டு, பட்டான். தொறு என்பது மாட்டு மந்தை. மூன்று நான்கு வரிகளில் ஒருவனின் பணி வரலாறு முடிந்துவிடுகிறது. புகழ்ச்சி அநேகமாக இல்லை. மெய்க்கீர்த்தி எழுதிய கைகள் வேறு, இவற்றைப் பொளிந்த கைகள் வேறு என்று தோன்றும் அளவுக்கு உலர்ந்த நடை. அவற்றில் பரவலாக அறியப்பட்டது எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்தான். அவனோடு கோவிவன் என்ற நாய் கள்ளரைக் கடித்துக் காத்திருந்தது என்று அதற்கும் ஒரு வாசகம் உண்டு. கல்லில் வீரனுக்குப் பக்கத்தில் நாயின் உருவமும் உண்டு. தமிழ்நாட்டுக் காவல்துறை மோப்ப நாய்ப் பிரிவைத் தொடங்கியது 1951இல்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது எளிதில் ஒதுக்கக்கூடியதல்ல. தொறுப்பூசல் என்பது போர், அதைத் திருட்டு என்று எப்படிச் சொல்வது? ஆநிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை. இரண்டுமே அரசியல் சடங்குகள். பகையை அறிவிக்கும் முறை அது என்று தொல்காப்பியம் முதல் எல்லா இலக்கண நூலும் சொல்கிறதே என்பார்கள். உண்மைதான். செங்கத்துக் கற்களில் கணிசமானவை ஒரு சிற்றரசனின் படை இன்னொருவன் ஊர்மேல் வந்ததைச் சொல்பவை. சிலவற்றில் இறந்தவன் கவரப் போனவனா மீட்கப் போனவனா என்றே பிரிக்க முடிவதில்லை. இத்தனைக்குப் பிறகும் எடுத்தனூர்க் கல் கள்ளர் என்றுதான் சொல்கிறது. பகைத் தலைவன் பெயரோ படையெடுப்போ அதில் இல்லை. ஆக ஏழாம் நூற்றாண்டுச் செங்கத்துக்காரனுக்குப் படை வந்து மாட்டை ஓட்டுவதற்கும் திருடன் வந்து ஓட்டுவதற்கும் வேறுபாடு தெரிந்திருந்தது. மேலும், ஓட்டியவன் யாராக இருந்தாலும் மீட்கப் போகிறவனின் வேலை ஒன்றுதான். மாடு நடந்த தடத்தைப் பிடித்துப் போக வேண்டும். மலையடிவாரத்துக் காட்டில், செம்மண்ணிலும் பாறையிலும் மாறி மாறிப் போகும் வழியில், நேற்றைய குளம்பையும் இன்றைய குளம்பையும் பிரித்தறியத் தெரிய வேண்டும். கரந்தைத் திணையில் புறப்பொருள் வெண்பாமாலை ‘அதரிடைச் செலவு’ என்றே ஒரு துறை வைத்திருக்கிறது: நிரை போன வழியே மீட்பவர் போவது. போரிடுவதற்கு முன்பாகத் தடம் பிடித்தல் என்று ஒரு கட்டம் இருந்ததை இலக்கணமே ஏற்றுக்கொண்டது என்று இதைப் படிக்கலாம்.

இதை ஒற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் அரசனின் கண்ணைப் பற்றியது. குடிமகன் வீட்டில் களவு போனதைப் பற்றியது அல்ல. தொல்காப்பியமோ வேய் பார்ப்பதை வெட்சிக்குள், கவரப் போகிறவன் பக்கம் வைக்கிறது. வேவு எங்கும் அதிகாரத்தின் கருவி. தடம் பிடிப்பது இழந்தவனுக்காகச் செய்யும் வேலை. அதில் தோற்றால் பொறுப்பும் உண்டு. யாக்ஞவல்கியரின் பெயரால் வழங்கும் தரும நூல், திருடனின் அடிச்சுவடு எந்த ஊரில் போய் முடிகிறதோ அந்த ஊர், சுவடு தன் எல்லையைத் தாண்டி வெளியே போனதைக் காட்டாவிட்டால், இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்கிறது. பஞ்சாபிலும் சிந்துவிலும் கோஜி என்ற சுவடு பார்ப்பவர்களைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நம்பியிருந்தார்கள். தமிழகத்தில் சோழர் கால வரிப் பட்டியல்களில் ஊர்க்காவலுக்கான பாடிகாவல் வருகிறது. பின்னாளில் தென்மாவட்டங்களில் ஊர்க்காவல் குத்தகையாக இருந்தபோது அதன் அடிப்படை நிபந்தனை, களவு போனதைக் காவல்காரன் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லையென்றால் அதன் விலையைத் தர வேண்டும் என்பது. இன்றைய காவல் நிலையத்தில் இப்படியொரு நிபந்தனையை யாரும் கற்பனைகூடச் செய்ய மாட்டார்கள்.

அந்தக் காவல் முறையே ஒரு கொள்ளைதானே என்பது அடுத்த மறுப்பு. மதுரை, இராமநாதபுரம் பகுதிகளில் மாடு காணாமல் போனால் இடைத்தரகர் ஒருவர் வருவார். துப்புக்கூலி என்று மாட்டின் விலையில் ஒரு பெரும் பங்கு கைமாறினால், மறுநாள் மாடு ஏதாவது ஒரு தோப்பில் கட்டிக் கிடக்கும். திருடியவரும் துப்புச் சொன்னவரும் காவல் காத்தவரும் ஒரே வட்டத்துக்குள் இருந்ததை 1906இல் வெளியான மதுரை மாவட்ட கெசட்டியர் விரிவாகவே பதிவு செய்திருக்கிறது. இதை மறுப்பதற்கில்லை, மழுப்பவும் வேண்டியதில்லை. ஆனால் சீரழிந்த ஒரு முறையிலிருந்து அதன் தொடக்கத்தை எடைபோட முடியாது. பொறுப்பும் கூலியும் சேர்ந்திருந்தவரை அது காவல். கம்பெனி ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் பாளையக்காரர்களின் காவல் உரிமைகள் பறிக்கப்பட்டன. பொறுப்பு சட்டத்திலிருந்து போயிற்று, பழக்கமும் ஆளும் அங்கேயே இருந்தார்கள். சட்டத்துக்கு வெளியே போன காவலின் எச்சம்தான் கெசட்டியர்காரர்கள் கண்ட துப்புக்கூலி. அதைக் காட்டிப் பழைய காவல் முழுவதையும் திருட்டு என்றது வசதியான வாதம்.

செங்கம் கம்பெனிக்குப் புதிய இடமல்ல. 1767 செப்டம்பரில் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படை ஹைதர் அலியோடு மோதிய கணவாய் இது. 1792இல் பக்கத்துப் பாராமகால் கம்பெனி கைக்கு வந்தபின் அங்கே அலெக்சாண்டர் ரீடின் கீழ் ஏழு ஆண்டு வேலை பார்த்தவர் தாமஸ் மன்றோ. கிராமத்தை அறிந்தவர் என்று அவருக்குப் பேர். அவருடைய சிந்தனையின் வழி வந்த 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் மணியக்காரரையும் தலையாரியையும் காவல் அமைப்பின் அடித்தளமாக்கி, மேலே தாசில்தாரையும் கலெக்டரையும் வைத்தது. நோக்கம் நல்லது. விளைவு வேறு. வரி வசூலிக்கிறவனும் குற்றம் விசாரிக்கிறவனும் ஒரே ஆளானான். 1855இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு வெளியிட்ட அறிக்கை, வரிக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் விரல்களைக் கிட்டியில் இறுக்குவது உள்ளிட்ட வழக்கங்கள் எவ்வளவு சாதாரணமாக இருந்தன என்பதைச் சாட்சிகளோடு காட்டியது. தடம் பார்க்கத் தெரிந்தவன் ஆளை அடிக்க வேண்டியதில்லை. மேலதிகாரிக்குக் கணக்குக் காட்ட வேண்டியவனுக்கோ வாக்குமூலம் போதும். 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் காவலை வரியிலிருந்து பிரித்து, வில்லியம் ராபின்சனை முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரலாக வைத்துப் புதிய போலீசை உண்டாக்கியது. 1872இன் சாட்சியச் சட்டம் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்றது. அதன் 27ஆம் பிரிவு மட்டும், கைதி சொன்னதன் பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு அவன் சொன்னதை ஏற்கலாம் என்று ஒரு கதவைத் திறந்துவைத்தது. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்தக் கதவு மூடப்படவில்லை. மீட்கப்பட்ட பொருள் பேசும், அடிபட்டவன் வாய் பேசாது என்பது இதன் தத்துவம். தொறு மீட்டவனுக்குக் கல் நட்ட ஊருக்கு இது விளங்காத தத்துவமாக இருந்திருக்காது.

புதிய போலீஸ் கொண்டுவந்ததில் பெரிய வரவுகள் உண்டு, அவற்றைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. 1849இலேயே சென்னையில் இரசாயனப் பரிசோதகர் அலுவலகம் வந்து, விஷச் சாவுகளில் ஊர்ப் பேச்சுக்குப் பதிலாகக் குடலைச் சோதிக்க வழி செய்தது. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பதிவகம் வந்தது. அதன் வகைப்பாட்டைச் செய்து முடித்த அஜீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரும் இந்தியத் துணை ஆய்வாளர்கள், பெயர் மட்டும் அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போயிற்று. பழைய காவல் முறையில் சந்தேகப்பட்டவனுக்குத் தப்பிக்க வழி குறைவு. ரேகை அவனையும் காப்பாற்றும். ஆனால் அதே பதிவகத்தின் முறைதான் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கும் உதவியது. கள்ளர், குறவர் என்று சாதி சாதியாகப் பட்டியல் போட்டு, குற்றம் நடக்கும் முன்பே ரேகையை எடுத்து வைத்து, தினமும் ஆஜராகச் சொன்னார்கள். சுவட்டிலிருந்து ஆளுக்குப் போன வேலை, ஆளிடமிருந்து குற்றத்துக்குப் போகும் வேலையாகத் தலைகீழாயிற்று. எடுத்தனூர்க் கல் கள்ளரின் குலத்தைக் கேட்கவில்லை. சென்னை மாகாணம் இந்தச் சட்டத்தை 1947இல் நீக்கியது. நீக்கப்பட்ட சட்டத்தின் பழக்கம் நிலையங்களில் எவ்வளவு காலம் நீடித்தது என்பது தனிக் கட்டுரைக்கு உரியது.

தலையாரிக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தால் இந்த மாற்றம் இன்னும் தெளிவாகும். 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை மணியக்காரர், கர்ணம் பதவிகளை ஒழித்துக் கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தது; தலையாரி கிராம உதவியாளரானார். அடையாளம் தெரியாத பிணம் கிடந்தால் இன்றும் புகார் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரின் பெயரில்தான் பதிவாகிறது. போலீஸ் பொருளைக் கைப்பற்றும்போது மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் பல வழக்குகளில் அவரும் அவருடைய உதவியாளரும்தான். ஒரு காலத்தில் மாடு போன வழியைத் தேடிப் போனவரின் வாரிசு, இப்போது கண்டெடுத்தாகிவிட்ட பொருளுக்குக் கீழே கையெழுத்திடுகிறார். நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையில் அந்தக் கையெழுத்து பல சமயம் நிற்பதுமில்லை, ஏனென்றால் அவர் எதையும் தேடிப் போகவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

சவ்வாது மலையின் அண்மைக் காலம் இந்த வாதத்தை வேறொரு பக்கத்திலிருந்து சோதிக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள் அவர்களில் பலர். செம்மரத்துக்குக் கால் இல்லை. ஒவ்வொரு கட்டையும் ஒரு லாரியில் ஏறி, ஒரு கிடங்கில் இறங்கி, துறைமுகத்தில் வேறு பெயரில் சரக்காகி, சீனா வரை போகிறது. அந்த வழி முழுவதும் ரசீது, சுங்கப் பத்திரம், வங்கிக் கணக்கு என்று குளம்படிகளைவிடத் தெளிவான சுவடுகள் கிடக்கின்றன. பொருளைப் பின்தொடர்ந்தால் வாங்கியவனிடம் போய் நிற்கலாம். வெட்டியவனைத் தேடிப் போனால் காட்டோடு நின்றுவிடலாம், அங்கே எப்போதும் ஒரு கூலி கிடைப்பான்.