மூன்று பவுணும் பத்து மில்லியனும்

ஆர்ச்சி குரோஃப்ட்ஸ் பலசரக்கு வியாபாரி. மெல்பர்ன் நகரில் அவர் பெயரில் கடைகள் பல இருந்தன. 1930களின் தொடக்கத்தில் சவுத் மெல்பர்ன் ஃபுட்டி கழகத்துக்கும் அவர்தான் தலைவர். ஃபுட்டி என்பது ஆஸ்திரேலியர்களின் உதைபந்தாட்டம்: முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு 18 பேர், கோல் ஒன்றுக்கு 6 புள்ளி. குரோஃப்ட்ஸ் தலைமைக்கு வந்த நேரத்தில் விக்டோரிய லீக் ஒரு சட்டம் போட்டிருந்தது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் ஒரு ஆட்டத்துக்கு மூன்று பவுணுக்கு மேல் கொடுக்கக்கூடாது. முன்பணமாக மொத்தமாகக் கொடுத்து ஆள் இழுக்கவும் கூடாது. 1930இல் வந்த இதற்குக் கூல்ட்டர் சட்டம் என்று பெயர். காசுள்ள கழகம் காசில்லாத கழகத்தை விழுங்கக்கூடாது என்பது அதன் நோக்கம்.

குரோஃப்ட்ஸ் சட்டத்தோடு சண்டைக்குப் போகவில்லை. வெளி மாநிலங்களிலிருந்து ஆட்டக்காரர்களை வரவழைத்து, தன் கடைகளில் வேலை கொடுத்தார். சனிக்கிழமை பந்தடிக்க மூன்று பவுண், மற்ற நாட்களுக்குக் கடைச் சம்பளம். உலகமே வேலையில்லாமல் தவித்த காலம் அது. நிலையான வேலை என்றால் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கண்டத்தைக் கடந்து ரெயிலில் வர ஆட்கள் தயாராக இருந்தார்கள். பத்திரிகைகள் அந்த அணியை 'அந்நியப் படை' என்று நக்கலடித்தன. மேற்கு ஆஸ்திரேலியாவின் சின்னம் கறுப்பு அன்னம். அங்கிருந்து இத்தனை பேர் வந்து சேர்ந்ததைப் பார்த்துத்தான் அணிக்கு 'ஸ்வான்ஸ்' என்ற பட்டப்பெயர் ஒட்டியது. சிட்னியில் இன்று சிறு பிள்ளைகள் சிவப்பு வெள்ளைத் துண்டில் போர்த்திக்கொண்டு திரியும் அந்த அன்னம், சம்பளச் சட்டத்தில் கண்டுபிடித்த ஓட்டை வழியாக வந்த பறவை.

அப்படி வந்தவர்களில் லாரி நாஷ் என்பவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாஸ்மேனியாவில் ஆடிக்கொண்டிருந்தவர். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர். 1932இல் மெல்பர்ன் டெஸ்டில் தென்னாப்பிரிக்கா 36 ஓட்டங்களுக்குச் சுருண்டதே, அந்த இன்னிங்ஸில் 18 ஓட்டங்களுக்கு 4 விக்கெட் எடுத்தவர் இவர்தான். இருந்தும் ஆஸ்திரேலியா அவரை இரண்டே டெஸ்ட்களில் ஆடவிட்டது. கிரிக்கெட் கைவிட்டவரை ஃபுட்டி தலையில் தூக்கி வைத்தது. 1933 கிராண்ட் ஃபைனலில் சவுத் மெல்பர்ன் ரிச்மண்டை 42 புள்ளிகளால் வென்றபோது பின்களத்தில் நின்று ஆட்டத்தைப் பிடித்துவைத்தவர் நாஷ். அடுத்த ஆண்டு அதே அணியின் பாப் பிராட் ஒரே பருவத்தில் 150 கோல் போட்டார். அதை 1971இல் பீட்டர் ஹட்சன் சமன் செய்தார், தாண்டியவர் இன்றுவரை இல்லை. அந்தப் பிராட், 1935 கிராண்ட் ஃபைனலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது டிராமிலிருந்து இறங்கி லாரியில் அடிபட்டார். அணி தோற்றது. 1934, 35, 36 மூன்று இறுதி ஆட்டங்களிலும் தோல்விதான். அதன் பிறகு ஒரு கோப்பைக்கு 2005 வரை, 72 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நான் சிட்னியில் சம்பளப் பட்டியல் போட்டுச் சீவித்தவன். வெண்ட்வர்த்வில் பக்கம் வீடு. குரோஃப்ட்ஸ் கதை எனக்குப் பிடித்துப்போனதற்கும் தொழில்தான் காரணம். விதி எழுதுபவன் ஒரு பக்கம், அதைப் பந்தி பந்தியாகப் படித்து இடம் கண்டுபிடிப்பவன் இன்னொரு பக்கம். எந்தச் சம்பளச் சட்டமும் இந்த இரண்டு பேருக்கு நடுவில்தான் உயிர்வாழும். இதே கழகம் எண்பது ஆண்டு கழித்து இன்னொரு சம்பளச் சண்டையில் மாட்டியது. இந்த முறை விதியை எழுதியவரே தண்டனையும் கொடுத்தார் என்பதுதான் வித்தியாசம்.

இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். கடனில் மூழ்கிய சவுத் மெல்பர்ன் 1982இல் சிட்னிக்குப் பெயர்ந்தது. ஆல்பர்ட் பார்க் ஏரிக்கரை மைதானத்தை விட்டுப் போகக்கூடாதென்று உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் போராடியும் பலிக்கவில்லை. ரக்பி ஊரான சிட்னியில் ஃபுட்டியை ஊன்றவேண்டும் என்பது லீக்கின் ஆசை. 1985இல் டாக்டர் ஜெஃப்ரி எடெல்ஸ்டன் கழகத்தை விலைக்கு வாங்கினார், கொஞ்சக் காலம் ஜிகினா, பிறகு வறட்சி. 1992, 93இல் தொடர்ந்து 26 தோல்வி. மைதானத்துக்கு ஆள் வரவேண்டுமென்றால் நட்சத்திரம் வேண்டும் என்று எல்லோருக்கும் புரிந்தது. 1995இல் செயிண்ட் கில்டாவிலிருந்து டோனி லாக்கெட் வந்தார். 1999இல் அவர் 1300ஆவது கோலைப் போட்டு கார்டன் கொவென்ட்ரியின் சாதனையை முறித்த நாளில், சிட்னி ஃபுட்டி ஊராகவே மாறிவிட்டது போலிருந்தது.

இதற்கிடையில் லீக் சம்பள உச்சவரம்பு, டிராஃப்ட் இரண்டையும் கொண்டு வந்திருந்தது. கடைசியில் வந்த அணிக்கே புதிய பிள்ளைகளில் முதல் தேர்வு, எல்லாக் கழகத்துக்கும் ஒரே சம்பளத் தொகை. சிட்னிக்கு ஒரு சலுகை: வாழ்க்கைச் செலவுப் படி. தமிழ்நாட்டு அரசு ஊழியரின் அகவிலைப்படிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தின் மேலும் 9.8 சதவீதம். மொத்தத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லியன் டாலர்.

2012இல் சிட்னி, மெல்பர்னின் ஹாதோர்ன் கழகத்தை வென்று கோப்பை எடுத்தது. அந்த ஆண்டுக் கடைசியில் அடிலெய்டின் கர்ட் டிப்பெட்டைக் கூட்டி வந்தது. 2013 அக்டோபரில், ஹாதோர்ன் கோப்பை வென்ற ஈரம் காயுமுன், அதன் லான்ஸ் ஃப்ராங்ளின் ஒன்பது ஆண்டு, பத்து மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் சிட்னிக்கு வந்தார். எல்லோரும் அவர் லீக் புதிதாக உருவாக்கிய மேற்குச் சிட்னிக் கழகமான ஜயண்ட்ஸுக்குப் போவார் என்றே நினைத்திருந்தார்கள். மெல்பர்ன் கொதித்தது. கொலிங்வூட் தலைவர் எடி மெக்குவயர் படியை எதிர்த்து ஓயாமல் பேசினார். பிரிஸ்பேன் 2001 முதல் 2003 வரை மூன்று கோப்பை எடுத்தபோதும் அவர்களுக்கு இருந்த இதேபோன்ற சலுகையை எதிர்த்து நின்றவர் அவர். அந்த மூன்றில் கடைசி இரண்டிலும் தோற்ற அணி கொலிங்வூட் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

2014 மார்ச்சில் படியைப் படிப்படியாக நிறுத்துவதாக லீக் அறிவித்தது. குறைந்த சம்பளக்காரருக்கு மட்டும் வாடகை உதவி. அதோடு முடிந்திருந்தால் நான் எழுத ஒன்றுமில்லை. 2014 அக்டோபரில், கிராண்ட் ஃபைனலில் சிட்னி ஹாதோர்னிடம் 63 புள்ளிகளால் தோற்ற சூட்டோடு, இன்னொரு நிபந்தனை வெளியே வந்தது. மிச்சக் காலத்துக்கான படி வேண்டுமென்றால் சிட்னி ட்ரேடிலோ (கழகங்களுக்கிடையே ஆள் மாற்று) ஃப்ரீ ஏஜென்சியிலோ (ஒப்பந்தம் முடிந்தவரை எடுப்பது) வெளியாட்களை எடுக்கக்கூடாது. ஆள் எடுக்க வேண்டுமானால் படியை அன்றைக்கே கைவிட வேண்டும்.

என் அத்தான் மெல்பர்னில், டாண்டினோங் பக்கம். ஹாதோர்ன் ஆள். அந்த வாரம் தொலைபேசியில் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"தம்பி, உங்கட ஆக்கள் செய்தது கள்ள வேலை. வாடகைக்கெண்டு குடுத்த காசைச் சேர்த்துத்தானே ஃப்ராங்ளினை வாங்கினவை?"

"அத்தான், அது சேர்த்து வைக்கிற காசில்லை. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் மேல தனித்தனியாப் போறது. நான் இந்த வேலைதானே செய்யிறனான்."

"அப்ப பேர்த்தில வாடகை மலிவோ? சுரங்கக் காசில ஊரே ஏறிப்போய்க் கிடக்கு. வெஸ்ட் கோஸ்டுக்கு ஒரு சதம் குடுத்தவையோ?"

இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை. படியின் கணக்கிலேயே ஒரு கோணல் உண்டு. 80,000 டாலர் ஒப்பந்தத்தில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு அது 7,840 டாலர். கழகத்தின் மைதானம் இருக்கும் மூர் பார்க்குக்குக் கிட்ட ஒரு அறை வாடகைக்கே காணாது. பத்து லட்சம் வாங்குபவருக்கு 98,000. வாடகைக்கு அல்லாடாதவனுக்குத்தான் கூட. நான் ஒரு நிறுவனத்தில் இப்படி ஒரு படியைப் பட்டியலில் ஏற்றியிருந்தால் தொழிற்சங்கக்காரர் என் மேசையில் வந்து உட்கார்ந்திருப்பார். ஆகவே படியை நிறுத்தியதில் எனக்கு மறுப்பில்லை.

மறுப்பு தடையில்தான். லீக் முன்பு கழகங்களைத் தண்டித்த வரலாற்றைப் பாருங்கள். 2002இல் கார்ல்டன் சம்பள உச்சவரம்பை மறைவாக மீறிப் பிடிபட்டது. அபராதத்தோடு அந்த ஆண்டு டிராஃப்டின் முதல் இரண்டு தேர்வுகளையும் இழந்தது. 2012இல் அடிலெய்டு, டிப்பெட்டோடு செய்துகொண்ட மறைமுக ஒப்பந்தத்துக்காகத் தேர்வுகளை இழந்தது, டிப்பெட்டும் 11 ஆட்டம் வெளியே இருந்தார். 2013இல் ஊக்கமருந்து விவகாரத்தில் எசெண்டன் இரண்டு மில்லியன் டாலர் அபராதம் கட்டியது, இறுதிச் சுற்றையும் இழந்தது. மூன்றிலும் மீறிய விதி இருந்தது, விசாரணை இருந்தது. சிட்னி மீறிய விதி எது? ஃப்ராங்ளினின் ஒப்பந்தத்தை லீக்கே பார்த்து, இடையில் ஓய்வு பெற்றாலும் ஒன்பது ஆண்டுத் தொகையும் உச்சவரம்பில் கணக்காகும் என்று நிபந்தனை போட்டுத்தான் ஒப்புக்கொண்டது.

மாற்றக் காலப் படியை வாங்கிக்கொண்டு அதே காசில் இன்னொரு நட்சத்திரத்தை வாங்கிவிடுவார்கள் என்பது லீக் சார்பில் சொல்லப்பட்ட நியாயம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாற்றக் காலப் படி எதற்கு? 9.8 சதவீதம் உண்டென்று நம்பிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்கள் நடுவழியில் நிற்காமல் இருக்க. அது சலுகை அல்ல, பழைய பாக்கி. பாக்கியைக் கொடுப்பதற்குப் புதிதாக ஒரு விலை கேட்பதை எந்தக் கணக்காளரும் ஏற்கமாட்டார். இன்னொன்று, இதே படியை ஜயண்ட்ஸும் வாங்கியது. அவர்களுக்குத் தடை இல்லை. அந்த அக்டோபரிலேயே வெஸ்டர்ன் புல்டாக்ஸின் அணித்தலைவர் ரயன் கிரிஃபினைக் கொண்டு வந்தார்கள். ஃப்ராங்ளின் ஜயண்ட்ஸுக்குப் போகாத கோபம்தான் இது என்று சிட்னி ரசிகர்கள் பேசிக்கொண்டது இதனால்தான். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. சந்தேகம் மட்டும்தான்.

கழகத் தலைவர் ஆண்ட்ரூ பிரிதம் வெளிப்படையாகவே எதிர்த்தார். 2015இல் லீக் கொஞ்சம் இறங்கி வந்தது: சராசரிச் சம்பளத்துக்கு மேற்படாதவர்களை எடுக்கலாம். லூயிஸ் ஜெட்டாவை வெஸ்ட் கோஸ்டுக்குக் கொடுத்து கலம் சின்கிளேரை வாங்கினார்கள். நல்ல உழைப்பாளி. ஆனால் அவரைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்கமாட்டார்கள்.

தடையால் சிட்னி விழுந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். 2010இல் தொடங்கிய கழகத்தின் பயிற்சிப்பள்ளியிலிருந்து ஐசக் ஹீனி வந்தார். முதல் ஐந்துக்குள் போகக்கூடிய பையனை, சொந்தப் பயிற்சிப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்போதிருந்த சலுகை விதிப்படி 18ஆம் தேர்வில் எடுத்தார்கள். உடனே மெல்பர்னில் அடுத்த கூச்சல், அடுத்த ஆண்டே அந்த விதியும் மாறியது. மாறிய விதியிலும் கலம் மில்ஸை எடுத்துக் காட்டினார்கள். 2016இல் சிட்னி அட்டவணையில் முதலிடம், கிராண்ட் ஃபைனலில் புல்டாக்ஸிடம் 22 புள்ளித் தோல்வி. ஃப்ராங்ளின் ஒன்பது ஆண்டையும் முடித்தார், 2022 மார்ச்சில் ஆயிரமாவது கோலும் போட்டார். சிட்னிக்காக ஒரு கோப்பை மட்டும் எடுக்கவில்லை.

அத்தானோடு வாதம் இன்னும் முடியவில்லை. கடைசியாகப் பேசியபோது நான் ஜேம்ஸ் ஃப்ராவ்லியை எடுத்து விட்டேன். 2014இல் கோப்பை வென்றது ஹாதோர்ன். தோற்ற சிட்னிக்குத் தடை. அதே மாதம் ஹாதோர்ன் மெல்பர்ன் கழகத்திலிருந்து ஃப்ராவ்லியை ஃப்ரீ ஏஜெண்டாகக் கொண்டுவந்து, 2015இல் அவரை வைத்தே தொடர்ந்து மூன்றாவது கோப்பையும் எடுத்தது.

"வெண்டவனுக்கு ஆள் எடுக்கலாம், தோத்தவனுக்கு ஏலாதோ அத்தான்? இதோ சமத்துவம்?"

அவர் ஒரு நிமிடம் யோசித்தார்.

"ஃப்ராவ்லிக்கு நாங்கள் வாடகைக் காசு குடுக்கேல்லையே, தம்பி."