ஏரோமோனாசு நோய் (மீன்கள்)

ஏரோமோனாசு நோய் என்பது நன்னீர் மீன்களைத் தாக்கும் ஒரு பாக்டீரியா நோய் ஆகும். கட்லா, ரோகு, மிர்கால், சாதாக்கெண்டை முதலிய வளர்ப்பு மீன்களில் இது பரவலாகக் காணப்படுகிறது. 'ஏரோமோனாசு ஐதரோஃபிலா' என்னும் பாக்டீரியா இதன் முதன்மைக் காரணியாகும்.

நோய்க்காரணி

இது கோல் வடிவமும் ஒரு முனையில் கசையிழையும் கொண்ட கிராம்-எதிர் பாக்டீரியா ஆகும். 'ஐதரோஃபிலா' என்பதற்கு நீரை விரும்புவது என்று பொருள். குளத்து நீரிலும் சேற்றிலும் நலமான மீனின் குடலிலும் கூட இது இயல்பாகவே வாழ்கிறது. ஆகவே பெரும்பாலும் மீனின் எதிர்ப்பாற்றல் குறையும்போதே நோய் தோன்றுகிறது. எனினும் சில வகைகள் வீரியம் மிக்கவை. 2009இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வளர்ப்புக் கெளுத்தி மீன்கள் இத்தகைய வகையால் பெருமளவில் இறந்தன.

அறிகுறிகள்

* தோலிலும் துடுப்புகளின் அடியிலும் இரத்தக்கசிவு, புண்கள்
* வயிற்றில் நீர் கோத்து வீங்குதல், செதில்கள் தூக்கி நிற்றல்
* கண்கள் பிதுங்குதல்
* இரை எடுக்காமை, நீர்ப்பரப்பில் சோர்ந்து மிதத்தல்

1988இல் இந்தியாவில் பரவிய கொள்ளைப் புண் நோய் இதனின்று வேறானது. அதற்குக் காரணம் 'அஃபனோமைசிசு இன்வேடன்சு' என்னும் பூஞ்சை போன்ற உயிரி. ஆயினும் அப்புண்களிலும் ஏரோமோனாசு பின்னர்த் தொற்றுவதுண்டு. எனவே ஆய்வகச் சோதனையின்றிப் புண்ணை மட்டும் பார்த்து நோயை உறுதி செய்ய இயலாது.

கண்மாய்களும் நோயும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் பெரும்பகுதி மழைநீரைத் தேக்கும் கண்மாய்களையும் குளங்களையும் நம்பியுள்ளது. கவிநாட்டுக் கண்மாய் இவற்றுள் பெரியவற்றில் ஒன்று. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் இந்நீர்நிலைகள் கோடையில் வற்றுகின்றன. இத்தகைய நீர்நிலைகளில் நீர் குறையக் குறைய மீன்கள் நெருக்கமடைகின்றன. கழிவும் அம்மோனியாவும் மிகுகின்றன. விடியற்காலையில் ஆக்சிசன் குறைகிறது. மீன்கள் வளர்ந்து விற்பனைக்கு ஏற்ற நிலையை அடையும் காலமும் இதுவே என்பதால் நோய் வந்தால் இழப்பு பெரிதாகும்.

தடுப்பும் சிகிச்சையும்

வற்றிய குளத்தைக் காயவிட்டுச் சுண்ணாம்பு இடுதல், குஞ்சுகளை அளவாக விடுதல், மிகுதியாகத் தீவனம் இடாமை, நீர் குறையும் முன்பே பெரிய மீன்களைப் பிடித்துவிடுதல் ஆகியவை முக்கியத் தடுப்பு முறைகள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பொதுவாகத் தீவனத்தில் கலந்து தரப்படுகிறது. நோயுற்ற மீன் இரை எடுக்காததால் மருந்து அதனைச் சென்றடைவதில்லை. அளவின்றிப் பயன்படுத்தினால் பாக்டீரியா மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெறும். குளோராம்ஃபெனிக்கால், நைட்ரோஃபியூரான் மருந்துகளை மீன் வளர்ப்பில் பயன்படுத்த இந்தியாவில் தடை உள்ளது.

மனிதருக்கு

இப்பாக்டீரியா மனிதரின் காயங்கள் வழியாகவும் தொற்றக்கூடும். எனவே கையில் புண் உள்ளவர்கள் நோயுற்ற மீன்களைத் தொடுவதைத் தவிர்க்க வேண்டும். மீனை நன்கு சமைத்தால் இது அழிந்துவிடும்.