உரிமத்துக்கு அப்பால்: புக்கிட் மேரா அருமண் ஆலையும் நிறுவனப் பொறுப்பின் அளவுகோலும்

சுரங்கத் தொழிலில் ஈடுபட்டுள்ள பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் மனித உரிமைக் கொள்கை என்ற தலைப்பில் சில பக்கங்கள் இடம்பெறுவது இன்று வழக்கமாகிவிட்டது. அந்தப் பக்கங்களை எதைக் கொண்டு மதிப்பிடுவது? நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டு, முறையான உரிமம் பெற்றுத் தொழில் நடத்தினோம் என்பதே பெரும்பாலும் நிறுவனங்கள் தரும் விடை. இந்த விடை போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு நிறுவனம் விட்டுச்சென்ற கழிவை யார் அளந்தார்கள், அதை எப்போது அகற்றினார்கள், பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்த பணத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்ற கேள்விகளே அதன் பொறுப்பை உள்ளபடி காட்டும். இதற்குச் சான்றாக ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் இயங்கிய ஏசியன் ரேர் எர்த் நிறுவனத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன்.

ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கை வளர்த்தது ஈயம். லம்பத்தில் கழுவி எடுத்த ஈயமணலைச் சுத்தப்படுத்தும்போது கறுப்பும் பழுப்புமாக ஒரு கனமான மணல் மிஞ்சும். அதை அமாங் என்பார்கள். அமாங் கொட்டகைகளில் அதை உலர்த்தி, காந்தப் பிரிப்பான்களில் ஓடவிட்டால் இல்மனைட் ஒருபக்கம், சிர்கான் ஒருபக்கம், மோனசைட் ஒருபக்கம் என்று பிரிந்துவிடும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் கிடைக்கும் அதே மோனசைட்தான் இது. அருமண் தனிமங்களோடு தோரியத்தையும் தன்னுள் வைத்திருக்கும் கனிமம் அது. மணலாகக் கிடக்கும்வரை அந்தத் தோரியம் பரவலாகக் கலந்திருக்கும். ஏசியன் ரேர் எர்த் செய்ததுபோல் அருமண்ணைப் பிரித்தெடுத்தபின் அது கழிவில் செறிந்து நிற்கும். தோரியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். 1979இல் பதிவாகி 1994இல் மூடப்பட்ட ஒரு நிறுவனம் எத்தகைய பொருளைக் கையாண்டது என்பதை இந்த ஒரு கணக்கே உணர்த்தும்.

ஏசியன் ரேர் எர்த்தில் ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கலுக்கு 35 விழுக்காடு, உள்ளூர் பெஹ் மினரல்ஸ் நிறுவனத்துக்கு 35 விழுக்காடு பங்கு இருந்தது. எஞ்சிய பங்கில் பெரும்பகுதி தாபோங் ஹாஜியிடம் இருந்தது. ஹஜ் பயணத்துக்காகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்க்கும் முஸ்லிம் குடும்பங்களின் சேமிப்பைக் காக்கும் அரசு வாரியம் அது. உரிமம் வழங்கும் அரசின் கையே பங்குதாரராகவும் இருந்தது என்பதை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனித்ததாக எனக்குத் தோன்றவில்லை. கண்காணிப்பவரும் ஆதாயம் பெறுபவரும் ஒரே வீட்டில் இருக்கும்போது, அந்த வீட்டுக்கு வெளியே நிற்கும் மக்களின் சொல் எடுபடுவது கடினம்.

1982இல் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. கழிவைக் கொட்டுவதற்கு முதலில் பாரிட் வட்டாரத்தில் இடம் பார்த்தார்கள். அங்கே எதிர்ப்புக் கிளம்பியதும் பாப்பானுக்கு மாற்றினார்கள். ஜப்பானியர் ஆட்சியில் கெரில்லாக்களுக்கு மருத்துவம் பார்த்துச் சித்திரவதைப்பட்ட சிபில் கார்த்திகேசு வாழ்ந்த அதே சிற்றூர்தான் பாப்பான். 1984 மே மாத இறுதியில் அந்த வட்டாரத்து மக்கள் 6,700 பேர் பிரதமருக்கும் மந்திரி பெசாருக்கும் எதிர்ப்புக் கடிதம் அனுப்பினார்கள். தற்காப்பு ஏற்பாடுகள் அனைத்தும் செய்தாகிவிட்டது என்று பிரதமர் மகாதீர் சொன்னார். மக்கள் சாலையை மறித்தார்கள். அந்த ஆண்டே அனைத்துலக அணுசக்தி முகமையின் நிபுணர்கள் வந்து பார்த்து, பாப்பானில் தோண்டப்பட்ட கழிவுக் குழிகள் பாதுகாப்பானவை அல்ல என்று அறிவித்தார்கள். கழிவுக்கிடங்கு கிளேடாங் மலைத்தொடருக்கு மாற்றப்பட்டது. நிபுணர்கள் கண்டறிந்ததை ஊர்மக்கள் அதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள் என்பது இந்த வரலாற்றில் மிக முக்கியமான செய்தி.

அடுத்து வந்தது நீதிமன்றக் கட்டம். 1985 பிப்ரவரியில் புக்கிட் மேரா மக்கள் எட்டுப் பேர், தங்களுக்காகவும் சுற்றுவட்டாரத்து 10,000 பேருக்காகவும், ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அக்டோபர் 14ஆம் நாள் இடைக்காலத் தடை கிடைத்தது. அதற்குப் பத்து நாள் கழித்து இலண்டன் சந்தையில் ஈய வணிகமே நின்றுபோனது. பள்ளத்தாக்கின் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட அந்தக் காலத்தில், வேலை வேண்டுமா நலம் வேண்டுமா என்ற கேள்வியைப் போராட்டக்காரர்கள் எவ்வளவு கடுமையாக எதிர்கொண்டிருப்பார்கள் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1987 பிப்ரவரியில் அணுசக்தி உரிம வாரியத்தின் உரிமத்தோடு ஆலை மறுபடி இயங்கியது. செப்டம்பரில் விசாரணை தொடங்கியது. அக்டோபரில் நாடெங்கும் நடந்த லாலாங் நடவடிக்கையில் பேராக் கதிரியக்க எதிர்ப்புக் குழுவின் தலைவர் ஹியூ யூன் தாட்டும், மக்களின் சார்பில் வாதாடிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் வழக்கறிஞர் மீனாட்சி இராமனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைதானார்கள். விசாரணையின் நடுவே ஒரு தரப்பின் வழக்கறிஞர் சிறைக்குப் போகிறார். இப்படிப்பட்ட சூழலில் நீடித்த உரிமத்தை மக்களின் ஒப்புதலுக்கு ஈடாக எந்த நிறுவனமும் காட்ட முடியாது.

1992 ஜூலை 11ஆம் நாள் நீதிபதி பெஹ் சுவீ சின் ஆலையைப் பதினான்கு நாளில் மூடச் சொல்லித் தீர்ப்பளித்தார். சில வாரங்களில் உச்சநீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. ஆலை மூடப்பட்டால் நிறுவனமும் தொழிலாளர்களும் இன்னலுக்கு ஆளாவார்கள் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். 1993 டிசம்பரில் மேல்முறையீட்டில் நிறுவனமே வென்றது. நிறுவனத்தின் நிபுணர்கள் காட்டிய அளவீடுகள் ஏற்கப்பட்டன. குறை இருந்தால் மக்கள் உரிம வாரியத்திடம் போயிருக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. வழக்கில் வென்ற நிறுவனம் சில வாரங்களில், 1994 ஜனவரியில், ஆலையை மூடுவதாக அறிவித்தது.

சட்டத்தின் கண்ணில் இந்தக் கதை இங்கே முடிந்துவிடுகிறது. மண்ணுக்கு அது முடியவில்லை. வென்ற தரப்பு துப்புரவு செய்ய வேண்டியிருந்தது. 2011இல் வெளிவந்த நியூயார்க் டைம்ஸ் செய்தியின்படி, ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் செலவில் மிட்சுபிஷி கெமிக்கல் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஆலையின் சுவடே இல்லாமல், அடியிலிருந்த மண்ணையும் பாறை தென்படும்வரை வெட்டி, 11,000 லாரிச் சுமை கழிவை அகற்றினார்கள். காட்டுக்குள் ஒரு குன்றின் தலையைச் சீவி, அதன் வயிற்றில் கழிவைப் புதைத்து, களிமண்ணும் கருங்கல்லும் போட்டு மூடினார்கள். 80,000க்கு மேற்பட்ட எஃகுப் பீப்பாய்கள் அப்போதும் காத்திருந்தன. அளவீடுகள் சரியாக இருந்தன, ஆபத்து இல்லை என்று நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட்ட ஓர் இடத்தில் இவ்வளவு வேலை எதற்காகத் தேவைப்பட்டது? இந்தக் கேள்விக்கு நிறுவனத்தின் கொள்கை அறிக்கை எதுவும் விடை தராது. உரிமம் ஓர் அரசின் முடிவு மட்டுமே என்பதும், நிறுவனத்தின் பொறுப்பு அதையும் தாண்டி மண்ணோடு ஒட்டியிருக்கிறது என்பதும் இதனால் தெளிவாகின்றன.

அதே 2011இல், ஜூன் மாதத்தில், ஜான் ரகி வகுத்த வணிகமும் மனித உரிமையும் குறித்த வழிகாட்டும் கோட்பாடுகளை ஐ.நா. மனித உரிமை மன்றம் ஏற்றது. அவற்றின் பதினோராவது கோட்பாட்டுக்கான விளக்கவுரை இதைத்தான் கூறுகிறது. மனித உரிமைகளை மதிக்கும் பொறுப்பு அரசின் கடமையைச் சார்ந்து நிற்பதன்று, உள்நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதையும் தாண்டியது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2020 மே மாதம் ரியோ டிண்டோ நிறுவனம் 46,000 ஆண்டுத் தொன்மையுள்ள ஜூக்கான் பள்ளத்தாக்குக் குகைகளை அரசின் முறையான அனுமதியோடுதான் வெடிவைத்துத் தகர்த்தது. அனுமதி கையில் இருந்தும் தலைமை நிர்வாகி பதவி விலக வேண்டியிருந்தது.

1980களின் நிறுவனத்தை 2011ஆம் ஆண்டின் கோலால் அளப்பது முறையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாப்பான் மக்கள் 1984இல் கேட்டது வேறென்ன? எங்களிடம் கேட்காமல் ஏன் இங்கே கொண்டுவருகிறீர்கள், குழி கசியாது என்பதை யார் உறுதி சொல்வது என்றுதான் அவர்கள் கேட்டார்கள். முன்னாய்வு, கலந்தாலோசனை, தீர்வு வழி என்று ஐ.நா. பின்னால் வகுத்தவற்றின் சாரம் அந்தக் கேள்விகளில் இருக்கிறது. கோல் அன்றும் இருந்தது. அதைக் கையில் எடுக்க மறுத்தார்கள்.

இங்கே தோட்டத் தமிழர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில், பக்கத்து நிலத்திலிருந்து வரும் நச்சுக்கும் புகைக்கும் எதிராக வழக்குத் தொடுக்க நிலத்தின்மீது ஏதேனும் ஓர் உரிமை வேண்டும். 1997இல் ஹண்டர் எதிர் கேனரி வார்ஃப் வழக்கில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை இதை மறுபடி உறுதிசெய்தது. புதுக்கிராமத்துக் குடும்பத்துக்குக் குத்தகையோ தற்காலிக அனுமதியோ இருக்கும். பால்மரக் காட்டு லயத்தில் நான்கு தலைமுறை வாழ்ந்த குடும்பத்துக்கு என்ன இருந்தது? வீடு முதலாளியுடையது. வேலை போனால் வீடும் போகும். பத்து காஜாவிலிருந்து சுங்கை சிப்புட் வரை தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்டு, வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் ஆனபோது நம்மவர்கள் இதை நேரில் அனுபவித்தார்கள். அத்தகைய லயத்தின் வேலியோரம் ஒரு கழிவுக்குழி வந்தால், நிலவுரிமையைக் கேட்கும் சட்டத்தின் முன் அந்தக் குடும்பத்துக்கு நிற்க இடம் இருக்காது. உள்நாட்டுச் சட்டம் விட்டுவைக்கும் இந்த ஓட்டையை அடைப்பதற்காகவே நிறுவனத்தின் மனித உரிமைக் கடப்பாடு தேவைப்படுகிறது. பட்டா இருப்பவரிடம் மட்டும் பேசிவிட்டுச் சமூகத்தைக் கலந்தாலோசித்தோம் என்று எழுதும் நிறுவனம் அந்தக் கடப்பாட்டை நிறைவேற்றவில்லை.

பணத்தைப் பற்றி. ஏறத்தாழ 11,000 பேர் வாழ்ந்த புக்கிட் மேராவில் ஐந்தாண்டில் எட்டுப் பேருக்கு இரத்தப் புற்றுநோய் வந்ததாகவும், அவர்களில் ஏழு பேர் இறந்ததாகவும் ஊர்த் தலைவர்களும் மருத்துவர்களும் சொல்லிவந்தார்கள். பிள்ளைகளின் உடல்நிலையை ஆராய்ந்து பேசியவர்களில் மருத்துவர் த. ஜெயபாலன் முக்கியமானவர். நீதிமன்றத்துக்கு வெளியே ஏற்பட்ட உடன்பாட்டில் அந்த வட்டாரத்துப் பள்ளிகளுக்கு 1,64,000 அமெரிக்க டாலர் நன்கொடை தர மிட்சுபிஷி கெமிக்கல் ஒப்புக்கொண்டது. நோய்களுக்குத் தான் பொறுப்பில்லை என்றும் சொன்னது. மண்ணைச் சுத்தப்படுத்தப் பத்துக் கோடி டாலர், மக்களுக்கு அதில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லாத நன்கொடை. தொகையைவிட அது கொடுக்கப்பட்ட முறையே எனக்கு வேதனை தருகிறது. நன்கொடையை மறுக்கவும் குறைக்கவும் கொடுப்பவருக்கு உரிமை உண்டு. இழப்பீடு பெறுபவரின் உரிமை. அதோடு, காரணத்தை ஒப்புக்கொள்ளாத பணம் மருத்துவ ஆய்வைத் தூண்டாது, பதிவேட்டையும் திறக்காது.

மாற்று வழி இல்லாமல் போகவில்லை. டெல்லி ஸ்ரீராம் ஆலையின் ஓலியம் வாயுக் கசிவு வழக்கில், 1986 டிசம்பரில், இந்திய உச்சநீதிமன்றம் முழுப்பொறுப்புக் கோட்பாட்டை வகுத்தது. ஆபத்தான தொழிலால் தீங்கு நேர்ந்தால் எந்த விதிவிலக்கும் சொல்ல முடியாது, நிறுவனத்தின் பொருள்வலிமைக்கு ஏற்ப இழப்பீடு இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் கோட்பாட்டின் துணையோடுதான் 2013இல் தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலைக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதிக்கப்பட்டது. அதே தீர்ப்பு ஆலையை இயங்கவும் விட்டது. ஐந்தாண்டு கழித்து, 2018 மே 22ஆம் நாள், போராடியவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆகவே இழப்பீடு மட்டும் போதும் என்று நான் வாதிடவில்லை. குழி தோண்டுமுன் மக்களின் சொல்லைக் கேட்பதும், கேடு நேர்ந்தபின் பொறுப்பை ஏற்பதும் ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க முடியாத நிலையில் பேராக் இன்று இருக்கிறது. ஹூலு பேராக்கின் கெனெரிங் வட்டாரத்தில் அம்மோனியம் சல்ஃபேட் கரைசலை மண்ணுக்குள் செலுத்தி அருமண்ணைக் கரைத்தெடுக்கும் முன்னோடித் திட்டம் 2022இல் தொடங்கியது. இங்கே கவலை தோரியத்தைவிட நிலத்தடி நீரைப் பற்றியது. மலையடிவாரத்து ஒராங் அஸ்லி மக்களுக்கும் ஆற்றை நம்பியிருக்கும் கம்பத்தாருக்கும், நேற்றைய லயத்துக் குடும்பங்களைப் போலவே, காட்டுவதற்குப் பட்டா இல்லாமலிருக்கலாம்.

பேராக் மாநில அரசும் இத்தொழிலில் இறங்கும் நிறுவனங்களும் உடனே செய்ய வேண்டியவை சில உண்டு. தொழில் தொடங்குமுன் இருந்த நீர், மண் அளவீடுகளைத் தமிழ் உள்ளிட்ட மக்களின் மொழிகளில் வெளியிடட்டும். மக்கள் தேர்ந்தெடுக்கும் நிபுணர் எந்நேரமும் வந்து அளக்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். துப்புரவுக்கான முழுத் தொகையையும் முன்வைப்பாகக் கட்டட்டும். இவற்றைச் செய்யாத நிறுவனத்துக்கு உரிமம் தரக்கூடாது. ஈப்போவிலும் ஹூலு பேராக்கிலும் வாக்களிக்கும் நாம் இந்தக் கோரிக்கையை நம் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் கொடுத்து, எழுத்திலேயே பதில் கேட்போம்.